மாவுக்கட்டு பிரித்த கதை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா! நானும் இங்கே அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன். 6 வாரம் கழித்து முந்தாநாள்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கால்தானா என்றே சந்தேகம். கெண்டைச்சதை இருந்த இடத்தில் முருங்கைக்காய் மாதிரி என்னவோ இருக்கிறது.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி பெண், "தசை இழைகள் சாகவில்லை அங்கிள், மெலிந்திருக்கின்றன. வேலை கொடுத்தால் தேறிவிடும்" என்கிறாள். எலும்போடு ஒட்டிய தசைகள் 600க்கு மேல் இருக்கின்றனவாம். சும்மா விட்டால் இளைத்துவிடும் சாதி அது.

ஆனால் நான் கட்டிலில் கிடந்த நாளெல்லாம் குடல் லீவு போடவில்லை. அது வரியில்லாத, அதாவது நுண்ணோக்கியில் பார்த்தால் காலின் தசை போல குறுக்குக் கோடுகள் தெரியாத மென்தசை. மெதுவாகச் சுருங்கும், சுலபத்தில் களைக்காது. குளிரில் மயிர் சிலிர்ப்பதும் அதன் வேலைதான். வேடிக்கை உணவுக்குழாயில் இருக்கிறது. மேல்பகுதி காலில் இருப்பது போன்ற வரித்தசை, அடிப்பகுதி மென்தசை, நடுவில் இரண்டும் கலந்து கிடக்கும். வரித்தசை என்பதற்காக அந்த மேல்பகுதி நம் பேச்சைக் கேட்கும் என்று நினைக்காதே. விழுங்கத் தொடங்குவது மட்டும்தான் நாம். அப்புறம் இட்லி அதன் வழியில் போய்விடும்.

பி.யு.சி. ஆய்வகம் ஞாபகமிருக்கிறதா? தவளையின் இதயத்தை வெட்டி எடுத்து உப்புக் கரைசலில் போட்டார் வாத்தியார். அது பாட்டுக்குத் துடித்தது. நீ மயங்கி விழுந்தாய். பேயும் இல்லை, பிசாசும் இல்லையடா. இதயத்தசைக்குத் தாளம் உள்ளேயே இருக்கிறது. நமக்கு வலது மேலறைச் சுவரில் ஒரு சின்ன செல் கூட்டம் அந்தத் தாளத்தைப் போடுகிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகள் அதைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். மாற்று இதயம் பொருத்தும்போது அந்த நரம்புகளை வெட்டிவிடுகிறார்கள். ஆனாலும் புது உடம்பில் அது துடிக்கிறதே! இதற்கும் காலின் தசை போலவே வரிகள் உண்டு. ஆனால் செல்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதால், ஒன்றில் எழும் துடிப்பு மற்றவற்றுக்கும் ஓடிவிடுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை. என் கெண்டைக்காலோ குதிகாலை உயர்த்தி 10 எண்ணச் சொன்னால் 7லேயே நடுங்குகிறது.

சரி, பேத்தி பிடிக்காமல் எத்தனை அடி வைக்கிறாள்? எழுது. நேற்று நான் 14.

அன்புடன்,
ராமு