பெயெர்செபா: ஏழு கிணறுகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஏற்பாட்டு ஊர்ப்பெயர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். இஸ்ரவேலின் தென்கோடி ஊரான பெயெர்செபாவுக்கு மட்டும் 'ஏழு கிணறுகள்' என்று ஒரே வரியில் பொருள் சொல்லிக் கடந்துவிட்டார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்கு மனம் நிற்கவில்லை.

சிறு வயதில் ஞாயிறு பள்ளியில் இந்தப் பெயரைக் கேட்டபோது, 'பெயெர்' என்பது நம் 'பெயர்'தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். எபிரெயத்தில் அது கிணறு. நம் பழைய வேதாகமம் அழகாகத் 'துரவு' என்கிறது. ஆபிரகாம் வீட்டுப் பணிப்பெண் ஆகார் தேவதூதனைக் கண்ட கிணறான பெயேர் லகாய்ரோயீயிலும் இருப்பது இதே சொல். ஆனால் இது ஒருமை. பல கிணறுகள் என்றால் 'பெயெரோத்' என்றுதான் வரவேண்டும். அந்தப் பகுதியில் பழைய கிணறுகள் பல உண்டு என்பது உண்மைதான். பெயர் சொல்வதோ ஒரே ஒரு கிணற்றை.

சரி, 'செபா' ஏழுதானே? ஏழும்தான், ஆணையும்தான். எபிரெயத்தில் ஏழு 'ஷேபா', ஆணை 'ஷெபுஆ', ஆணையிட்டான் 'நிஷ்பா'. வேர் எழுத்துகள் மூன்றும் ஒன்றே. வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 21-ஆம் அதிகாரம் இந்த இரண்டையும் வேண்டுமென்றே பின்னுகிறது. ஆபிரகாம் வெட்டிய துரவை கேரார் ராஜாவான அபிமெலேக்கின் ஆட்கள் பறித்துக்கொள்கிறார்கள். தண்ணீர்த் தகராறு! ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்தி, 'இந்தத் துரவைத் தோண்டியவன் நான் என்பதற்கு இவை சாட்சி' என்று கொடுக்கிறார். பிறகு இருவரும் ஆணையிடுகிறார்கள். எபிரெயத்தில் படிப்பவன் காதில் ஏழும் ஆணையும் ஒன்றாக ஒலிக்கும். தமிழில் 'ஏழு', 'ஆணை' என்று இரண்டும் தனித்தனியே நிற்பதால் நமக்கு அந்த ஓசை கிடைப்பதில்லை. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்த மொழியில் வந்தாலும் இது நழுவத்தான் செய்யும்.

ஏழுக்கும் ஆணைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். ஆணையிடுவது என்றாலே 'ஏழால் தன்னைக் கட்டிக்கொள்வது' என்று பல இலக்கண அறிஞர்கள் கருதுகிறார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அரபியர் உடன்படிக்கை செய்யும்போது நடுவே ஏழு கற்களை வைத்து அவற்றில் இரத்தம் பூசுவார்கள் என்று எழுதியிருக்கிறார். அக்கம்பக்கத்து வழக்கம் இப்படி இருக்க, ஆபிரகாம் ஆறு குட்டியோ எட்டுக் குட்டியோ கொடுக்காததில் வியப்பில்லை.

அப்புறம் ஆபிரகாமின் மகன் ஈசாக்கு. 26-ஆம் அதிகாரத்தில் அவர் வெட்டிய கிணறுகளுக்கு ஏசேக்கு, சித்னா, ரெகொபோத் என்று பெயர். வாக்குவாதம், பகை, விசாலமான இடம் என்பது பொருள். கடைசியில் அபிமெலேக்குடன் ஆணையிட்டுக்கொண்ட அன்றே வேலைக்காரர் ஓடிவந்து 'தண்ணீர் கண்டோம்' என்கிறார்கள். அந்தக் கிணற்றுக்கு 'சேபா' என்று பெயர் வைக்கிறார். மூலத்தில் அது 'ஷிபா'. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எபிரெயத்தின் 'ஷின்' எழுத்துக்கு மேலே வலப்பக்கம் புள்ளி வைத்தால் 'ஷ', இடப்பக்கம் வைத்தால் 'ஸ'. பழங்காலத்துச் சுவடிகளில் புள்ளியே கிடையாது. கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'ஆணை' என்று படித்தார்கள். லத்தீனில் பெயர்த்த ஜெரோம் 'ஸ' என்று கொண்டு 'நிறைவு' என்று எழுதிவிட்டார். ஒரு புள்ளி இடம் மாறினால் ஆணைக் கிணறு நிறைவுக் கிணறாகிவிடுகிறது.

ஊர் எப்படிப்பட்டது என்றும் கட்டுரையாளர் இரண்டு வரி சேர்த்திருக்கலாம். 'தாண் முதல் பெயெர்செபா மட்டும்' என்றால், வடகோடித் தாண் தொடங்கி இஸ்ரவேல் தேசம் முழுவதும். நாம் குமரி முதல் இமயம் வரை என்பதுபோல. தெற்கே அதைத் தாண்டினால் பாலைநிலம். தீர்க்கதரிசி எலியா தன் வேலைக்காரனை இங்கே விட்டுவிட்டுத்தான் தனியாக வனாந்தரத்துக்குள் போனார். இன்றைய நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே உள்ள தொல்லியல் மேட்டின் வாசலருகே சுமார் 69 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணறு இருக்கிறது. 2005-இல் மெகிதோ, ஆத்சோர் மேடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவ்வளவு ஆழம் தோண்டினால்தான் தண்ணீர் என்கிற மண்ணில், ஒரு கிணற்றுக்காக அபிமெலேக்கு ராஜா தன் சேனாதிபதியோடு நேரில் வந்து ஆணையிட்டதில் ஆச்சரியம் இல்லை.

நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் வெளியிட இடம் இல்லையென்றால், அடுத்த இதழின் பிழைதிருத்தத்தில் 'கிணறுகள்' என்பதிலுள்ள 'கள்'ளை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பாளையங்கோட்டை