கேட்டு நடந்த தீவு

கோயம்புத்தூர்,
7.12.2025

அன்புள்ள சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. ஏப்ரலில் வெளிவந்த, ஒப்லிவியன் என்னும் கணினி விளையாட்டின் புதிய பதிப்பை ஒருவழியாக முடித்துவிட்டாய் என்பதையும், அதன் பொருட்டு வீட்டில் உனக்குக் கிடைத்த மரியாதையையும் அறிந்தேன். இவ்வளவு கண்ணைப் பறிக்கும் ஒன்று கையில் இருக்கும்போது, அதே தொடரில் 2002-இல் வந்த, ஒரு தீவில் நடக்கும் மோரோவிண்டை ஏன் மறுபடியும் தூசு தட்டி எடுத்தாய் என்று கேட்டிருந்தாய். கேட்டதோடு நில்லாமல், பழைய நாள் ஏக்கம் என்று பதிலையும் நீயே எழுதிவிட்டாய். அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம் சற்று நீள்கிறது.

ஏக்கம் சிறிதும் இல்லை என்று சாதிக்க வரவில்லை. 2003-இல் விடுதியின் கடைசி அறையில், உன் அண்ணன் வாங்கித் தந்த கணினியில், 32 எம்பி கிராபிக்ஸ் கார்டை நம்பி நாம் இருவரும் ஒரே கேரக்டரை முறை வைத்து விளையாடினோம். மவுஸ் என் கையில் இருக்கும்; கோடு போட்ட நோட்டு உன் மடியில் இருக்கும். யார் என்ன வழி சொன்னார்கள், எந்தப் பாலத்தைக் கடந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நீ எழுதிக்கொண்டே வருவாய். விளையாட்டுக்குள்ளேயே ஒரு நாட்குறிப்பு இருந்தது என்றாலும், அது நடந்தவற்றை நடந்த வரிசையில் கொட்டி வைக்குமே தவிர, எந்தக் குவெஸ்ட்டுக்கு, அதாவது நமக்குத் தரப்பட்ட எந்த வேலைக்கு, எந்தக் குறிப்பு என்று பிரித்துக் காட்டாது. அந்தப் பிரிப்பு பின்னால் வந்த டிரைபியூனல் என்னும் கூடுதல் பகுதியில்தான் கிடைத்தது. நமக்கு அதற்குப் பதிலாக உன் நோட்டு இருந்தது.

ஆர்க்ந்தாண்ட் இடிபாடுகளைத் தேடிப் போன இரவை நீ மறந்திருக்க மாட்டாய். பால்மோரா என்னும் ஊரில் இருந்த போர்வீரர் சங்கத்தின் ஹாஸ்பாட், ஒரு புதிர்ப் பெட்டியைக் கொண்டுவந்தால்தான் நமக்கு வேண்டிய தகவலைச் சொல்வேன் என்றார். மூன்மாத் கோட்டையைத் தாண்டி, ட்வெமர்கள் என்னும் பழைய இனத்தார் கட்டிய பழைய பாலத்தைப் பிடித்து, மாமேயா என்னும் சாம்பல் பள்ளத்தாக்கைக் கடந்தால் இடிபாடு வரும் என்பது வரை நீ எழுதிவிட்டாய். வாசலருகே இருக்கும் குழாயில் உள்ள கைப்பிடியைத் திருப்பினால்தான் கதவு திறக்கும் என்ற கடைசிச் செய்தியை மட்டும் விட்டுவிட்டாய். மூடிய உலோகக் கதவின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். ஒருவழியாக உள்ளே போன பிறகு, கைக்கு அடக்கமான அந்தச் சிறிய கனசதுரம், துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவே அவற்றின் நிறத்திலேயே ஓர் அலமாரித் தட்டில் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தபோது பொழுது விடிந்துவிட்டது. காலையில் தேர்வு இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஒப்லிவியனில் இதே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணிப் பார். 2006-இல் அது வந்தபோதே திரையின் கீழே ஒரு திசைகாட்டியும், போக வேண்டிய இடத்தைச் சுட்டும் ஒரு குறியும் வந்துவிட்டன. அதே தொடரில் 2011-இல் வந்த ஸ்கைரிம் அந்த வழக்கத்தை அப்படியே தொடர்ந்தது. பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுவரை குறி காட்டிவிடும். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் நம் கண் குறியின் மேல்தான் இருக்குமே தவிர மலையின் மேலோ பாலத்தின் மேலோ இருக்காது. வேண்டாம் என்றால் குறியை மறைத்துக்கொள்ளலாமே என்று நீ எழுதுவாய். மறைத்துப் பார்த்தேன். அங்கேதான் சிக்கல் தெரிந்தது. குறி இருக்கிறது என்ற தைரியத்தில், வேலை கொடுப்பவர்கள் பல நேரங்களில் வழியே சொல்வதில்லை. ஒரு குகையின் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். மோரோவிண்டில் பெரும்பாலான பேச்சு எழுத்தாகவே இருந்ததால் ஒவ்வொருவரும் ஒரு பத்தி நீளத்துக்கு வழி சொல்ல முடிந்தது. ஒப்லிவியனில் எல்லோருக்கும் குரல் வந்தது. குரல் வந்ததும் பேச்சு சுருங்கிவிட்டது என்பது என் கணிப்பு.

வழி சொல்பவர்கள் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள் என்றும் நினைத்துவிடாதே. சிலர் சொன்ன திசையே பிழை. சிலர் சொன்ன தொலைவு, நம் ஊர்ப் பக்கம் "கூப்பிடு தூரம்தான்" என்று சொல்லி இரண்டு மைல் நடக்க வைப்பார்களே, அந்தக் கணக்கைச் சேர்ந்தது. அப்போது எரிச்சல்பட்டேன், இப்போது அது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஏனென்றால் அந்த விளையாட்டில் வழி மட்டுமல்லாமல் வரலாறும் அப்படித்தான் கிடைக்கிறது. நெரெவார் என்னும் பழைய தலைவன் எப்படி இறந்தான் என்று கேட்டால், கோயில் ஒரு விதமாகச் சொல்கிறது. சாம்பல் நிலத்து நாடோடிகள், கூட இருந்த ஆலோசகர்களே கொன்றுவிட்டுத் தெய்வங்களாகிவிட்டார்கள் என்கிறார்கள். அந்தத் தெய்வங்களில் ஒருவரான விவெக்கிடமே நேரில் போய்க் கேட்டால் அவர் தன் தரப்பை வேறு விதமாகச் சொல்கிறார். எது உண்மை என்று விளையாட்டு கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. நம் கேரக்டர் உண்மையிலேயே நெரெவாரின் மறுபிறப்பா, அல்லது பேரரசன் தன் வசதிக்காக அனுப்பிய வேடதாரியா என்பதையும் நம்மிடமே விட்டுவிடுகிறது. அடுத்த ஊருக்கு வழி கேட்டபோது யாரை நம்புவது என்று தடுமாறிய அதே தடுமாற்றத்தோடுதான் இந்தக் கேள்விக்கும் வந்து சேர்கிறோம். இருபது வயதில் இது எனக்குப் புரியவில்லை. அப்போது நான் வாளைத் தவிர வேறெதையும் கவனித்ததாக நினைவில்லை.

வாள் என்றதும் நீ சிரிப்பது தெரிகிறது. அந்தச் சண்டையை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. எதிரே நிற்கும் நண்டின் மேல் வாள் பாய்வது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அடி விழவில்லை என்கிறது விளையாட்டு. உள்ளுக்குள் பகடை உருள்கிறது. வாள் பயிற்சியின் அளவும், பச்சை நிறக் களைப்புக் கோடும் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கின்றன. ஓடினால் களைப்புக் கோடு குறையும் என்பதை யாரும் அழுத்திச் சொல்லாததால், புதிதாக வருகிறவர் மெதுநடை பொறுக்காமல் ஓடிவந்து, மூச்சு வாங்க நின்று, இருபது முறை வீசி இருபதும் தவறி, இந்த விளையாட்டே உடைந்திருக்கிறது என்று மூடிவைத்துவிடுகிறார். ஸ்கைரிமில் இந்தத் தொல்லை இல்லை. மோரோவிண்டின் ஊர்களில் மனிதர்கள் இரவும் பகலும் நின்ற இடத்திலேயே நிற்பதும், பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பேரும் ஒரே வாக்கியத்தை ஒப்பிப்பதும் இப்போது பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கின்றன. அவர்களைத் தூங்கவும் சாப்பிடவும் கடைக்குப் போகவும் வைத்தது ஒப்லிவியன்தான். கிளிஃப் ரேசர் என்னும் அந்தப் பறக்கும் பிசாசுகளைப் பற்றி எழுதினால் இந்தத் தாள் போதாது.

ஸ்கைரிமைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனமில்லை. 7,000 படிகள் என்று ஊரார் சொல்லும் மலைப்பாதையில் பனிக்காற்றுக்கு நடுவே ஏறிய அனுபவம் எனக்கும் உண்டு. (எண்ணிப் பார்த்தவர்கள் ஆயிரம் படிகூடத் தேறவில்லை என்கிறார்கள்.) அங்கேயும் எனக்குப் பிடித்த நேரங்கள் எந்தக் குவெஸ்ட்டையும் தேர்ந்தெடுக்காமல், குறியே இல்லாமல் சும்மா நடந்த நேரங்கள்தான்.

இந்த முறை நான் விளையாடுவது ஓபன்-எம்டபிள்யூ வழியாக. விளையாட்டை இயக்கத் தன்னார்வலர்கள் புதிதாக எழுதிய எஞ்சின் அது. விளையாட்டின் அசல் கோப்புகள் நம்மிடம் இருந்தால் போதும், லினக்ஸில்கூட ஓடுகிறது. அதில் தொலைதூர நிலத்தைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. ஆசையாக அதை இயக்கிவிட்டுப் பெலாகியட் என்னும் ஊர் அருகே ஒரு மேட்டில் ஏறி நின்றேன். தென்கிழக்கே, அந்தத் தெய்வத்தின் பெயரையே கொண்ட விவெக் நகரத்தின் பிரம்மாண்டமான அடுக்கு மேடைகள் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றன. நாம் இரண்டு இரவு நடந்ததாக நம்பிய நிலமெல்லாம் ஒரு பெரிய கிராமத்துக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. பழைய கணினிகளின் வலு போதாது என்பதற்காகப் போட்ட மூடுபனிதான் அந்தத் தீவை அவ்வளவு பெரிதாக வைத்திருந்திருக்கிறது. உடனே அந்த வசதியை அணைத்துவிட்டேன்.

இப்போது மவுஸ் என் கையில் இல்லை. என் மகளிடம் இருக்கிறது. பதின்மூன்று வயதாகிறது. ஸ்கைரிமை இரண்டு முறை முடித்தவள், அப்பாவின் பழைய கேமைப் பார்த்து முதலில் முகம் சுளித்தாள். விளையாட்டு தொடங்கும் ஊரான செய்டா நீனிலிருந்து வடக்கே நடந்தபோது அலறல் ஒன்று கேட்டது. வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி விழுந்து அவள் காலடியில் செத்தார். டார்ஹியல்தான், உனக்குத் தெரியும். அவர் உடலிலிருந்து மூன்று மந்திரச் சுருள்களை எடுத்துக்கொண்டாள்; பக்கத்திலேயே இருந்த அவருடைய நாட்குறிப்பைப் படிக்கவில்லை. முதல் சுருளைப் படித்துவிட்டுத் தாண்டினாள். தாவும் திறன் ஏழு நொடிகளுக்கு 1,000 புள்ளிகள் கூடுகிறது. பறந்துகொண்டிருக்கும்போதே அந்த ஏழு நொடி முடிந்துவிடுகிறது. தீவின் பாதியை மேலிருந்து பார்த்துவிட்டு, அந்த மந்திரவாதியைப் போலவே வந்து விழுந்து செத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சேவ் செய்த இடத்துக்குத் திரும்பினாள், நாட்குறிப்பைப் படித்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள், அடுத்த முறை கடலைப் பார்த்துத் தாண்டித் தண்ணீரில் விழுந்து பிழைத்தாள். அதற்குப் பிறகு அவளாகவே மேசையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கோபத்தில் கையஸ் கோசேடிஸைக் கொன்றும் பார்த்தாள். சட்டையில்லாமல் நின்றுகொண்டு, 200 காசைக் கொடுத்து, முதலில் போய் நாலு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வா என்று அனுப்பிய அந்தக் கிழவரைத்தான் சொல்கிறேன். விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்குத் திரும்பு அல்லது நீயே கெடுத்த உலகத்தில் தொடர்ந்து இரு என்ற பொருளில் திரையில் அறிவிப்பு வந்தது. ஒப்லிவியனில் இப்படிப்பட்ட முக்கியமானவர்கள் மயங்கி விழுந்து எழுந்துவிடுவார்கள் அல்லவா, அதைத்தான் அவளும் எதிர்பார்த்திருந்தாள். இப்படியெல்லாம் செய்ய விடலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டு, பழைய சேவுக்குத் திரும்பினாள்.

நேற்று இரவு உர்ஷிலாக்கு நாடோடிகளின் முகாமைத் தேடிப் புறப்பட்டோம். பால்மோராவில் சில்ட் ஸ்டிரைடர் என்னும் சவாரிப் பூச்சியில் ஏறி, ஆல்ட்ரூனில் இறங்கி, அங்கே இன்னொன்று பிடித்து மார் கான் போய்ச் சேர்வதற்குள், உடுமலையில் பஸ் மாறி ஊருக்குப் போவது போல இருக்கிறதே என்றாள். அந்த ராட்சதப் பூச்சியின் ஓட்டைக் குடைந்து, உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதன் நரம்புகளைத் தொட்டுத்தான் ஓட்டுகிறார் என்று நான் விளக்கியதும், இரண்டு நிமிடம் அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மார் கானிலிருந்து நடை. பானி-டாட் பள்ளத்தாக்கில் இறங்கியதும் சாம்பல் புயல் பிடித்துக்கொண்டது. திரை முழுக்கச் செம்பழுப்பு. கேரக்டர் கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு காற்றை எதிர்த்து மெல்ல நகர்ந்தது. நோட்டில் எழுதிய வழி, பள்ளத்தாக்கை ஒட்டியே கடல்வரை போ, பிறகு கிழக்கே திரும்பு என்று இருந்தது. நான் இடையில் ஒரு குறுக்குவழி இருப்பதாக நினைவிலிருந்து சொன்னேன். அவள் நோட்டைத் தட்டிக் காட்டினாள். குறுக்குவழியில் போய் ஒரு மலைச்சரிவில் முட்டிக்கொண்டு நின்றோம். மறுபடி இறங்கிவந்து நோட்டின் வழியே போனோம்.

கடல் தெரிந்தபோது மணி பதினொன்றரை. புயல் ஓய்ந்து நட்சத்திரங்கள் வந்திருந்தன. கிழக்கே கரையோரமாகச் சிறிது நடந்தோம். கூடாரம் எதுவும் கண்ணில் படவில்லை. நேரமாகிவிட்டது என்று அவள் அம்மா விளக்கை அணைத்துவிட்டதால் அங்கேயே சேவ் செய்து நிறுத்தியிருக்கிறோம்.

உன் பழைய நோட்டு அட்டைப்பெட்டி எதிலாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் அந்த முகாமின் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பு. உன் கையெழுத்தை அவளுக்குக் காட்ட வேண்டும். அவள் எழுத்தும் ஏறத்தாழ அதே கோணல்தான். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
முரளி