ஆட்டோமேட்டிக் கியரைக் கையால் மாற்றினால் கெட்டுவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1960-களின் அமெரிக்க மசில் கார்களை (பெரிய எஞ்சினோடு வந்த வேகக் கார்களை)ப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அந்தக் கார்களின் தோற்றத்தையும் எஞ்சின்களின் வலிமையையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் கட்டுரையின் முடிவில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள பழைய மசில் காரை வாங்குவோர் லீவரை 'டி' (டிரைவ்) நிலையில் வைத்த பிறகு அதைத் தொடவே கூடாது என்றும், கையால் கியர் மாற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்றும் ஓர் அறிவுரை தரப்பட்டிருந்தது. மிச்சிகனில் இத்தகைய கார்களின் கியர்பாக்ஸ்களைப் பல காலமாகப் பிரித்துப் பூட்டி வருபவன் என்ற முறையில், அந்த அறிவுரை தவறானது என்பதையும், சில இடங்களில் ஆபத்தானது என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன். இங்குள்ள தமிழர்கள் சிலர் இந்தக் கார்களை வாங்கிச் சீரமைத்து ஓட்டத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் தங்கள் நாளிதழையும் படிக்கிறார்கள்.

முதலில், இந்தக் கார்களைச் செய்தவர்களே என்ன எண்ணினார்கள் என்று பார்க்கலாம். கிரைஸ்லர் நிறுவனம் 1956-ல் கொண்டுவந்த டார்க்ஃப்ளைட் என்னும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை 1964 வரை டாஷ்போர்டில் இருந்த பொத்தான்களால்தான் இயக்க வேண்டும். 1962-ல் 413 கன அங்குல 'மேக்ஸ் வெட்ஜ்' எஞ்சினோடு கால் மைல் பந்தயத் தடங்களுக்கு வந்த டாட்ஜ், பிளிமத் கார்களில் ஆட்டோமேட்டிக் பொருத்தியவற்றை ஓட்டியவர்கள், 1, 2, டி என்று வரிசையாகப் பொத்தானை அழுத்தித்தான் கியர் மாற்றினார்கள். போன்டியாக் ஜி.டி.ஓ.வில் அதுவரை இருந்த இரண்டு கியர் ஆட்டோமேட்டிக்குக்குப் பதிலாக 1967-ல் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 வந்தபோது, அதனுடன் ஹர்ஸ்ட் நிறுவனத்தின் 'டூயல் கேட்' லீவரும் வந்தது. அந்த லீவருக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்றில் போட்டால் வழக்கமான ஆட்டோமேட்டிக். மற்றொன்றில் போட்டால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு கியர் மட்டுமே மேலே ஏறும். அதே 1967-ல் ஃபோர்டு நிறுவனம் தன் ஆட்டோமேட்டிக்குக்கு 'செலக்ட் ஷிஃப்ட்' என்றே பெயர் சூட்டி, ஓட்டுநர் விரும்பும் கியரைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்பதை விற்பனைச் சிறப்பாகவே முன்வைத்தது. கையால் மாற்றினால் கெட்டுப்போகும் ஒரு பொருளுக்கு, கையால் மாற்றுவதற்கென்றே தனி லீவரைச் செய்து உத்தரவாதத்தோடு எந்த நிறுவனமும் விற்காது. மேலும், ஆட்டோமேட்டிக் என்பது மசில் காரில் ஏதோ இரண்டாந்தரத் தேர்வு என்பதுபோல அந்தக் கட்டுரையில் ஒரு தொனி இருந்தது. 440 கன அங்குல எஞ்சினோடு 1967-ல் வந்த பிளிமத் ஜி.டி.எக்ஸ். காரில் டார்க்ஃப்ளைட்தான் இயல்பாகவே கிடைத்தது. நான்கு கியர் மேனுவலை வேண்டியவர்கள்தான் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

அடுத்து, லீவரை நகர்த்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். தவறான எண்ணத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மேனுவல் காரில் நம் கை பற்சக்கரங்களின் இணைப்பையே நேரடியாக மாற்றுகிறது. ஆகவே முரட்டுத்தனமாகத் தள்ளினால் பல் தேயும். ஆட்டோமேட்டிக்கில் நம் கை நகர்த்துவது ஆயிலின் வழிகளைத் திருப்பும் வால்வுகள் அடங்கிய வால்வு பாடிக்குள் இருக்கும் மேனுவல் வால்வு என்னும் சிறு உருளையை மட்டுமே. எந்தக் கிளட்சை (உராய்வுத் தகடுகளின் அடுக்கை) இறுக்குவது, எந்தப் பேண்டை (உருளையைச் சுற்றி இறுகும் பட்டையை) விடுவிப்பது என்ற வேலையைப் பம்பிலிருந்து வரும் ஆயில் அழுத்தமே செய்கிறது. 'டி' நிலையில் கியர் எப்போது மாற வேண்டும் என்பதை இரண்டு அழுத்தங்கள் கயிறு இழுக்கும் போட்டியைப் போலத் தீர்மானிக்கின்றன: வேகம் கூடக்கூட வெளித்தண்டில் சுழலும் கவர்னர் தரும் அழுத்தம் ஒரு பக்கம், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதைக் காட்டும் த்ராட்டில் அழுத்தம் மறுபக்கம். கவர்னர் வென்றால் ஷிஃப்ட் வால்வு நகர்ந்து மேல் கியர் விழும். டார்க்ஃப்ளைட்டில் லீவரை 1-ல் வைத்து ஓட்டிப் பிறகு 2-க்குத் தள்ளினால், 'டி'யில் தானாக இரண்டாம் கியர் விழும்போது இறுகும் அதே கிக்டவுன் பேண்ட்தான் (நன்றாக மிதித்ததும் தானாகக் கீழ் கியருக்கு இறங்குவதே கிக்டவுன்) இறுகுகிறது. டியில் தானாக மாறினாலும், 2-க்குக் கையால் தள்ளினாலும், அந்தப் பேண்டின் உராய்வுப் பட்டைக்கு வேலை ஒன்றுதான்.

ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'டி'யில் முதல் கியரில் போகும்போது டார்க்ஃப்ளைட்டில் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒருவழிக் கிளட்ச்தான் சுமையைத் தாங்குகிறது. காலை எடுத்தால் அது சுதந்திரமாக உருளும், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. லீவரை 1-ல் வைத்தால் பின்புற லோ-ரிவர்ஸ் பேண்டும் சேர்ந்து இறுகும். டர்போ ஹைட்ராமேட்டிக் 400-லும் இதே கணக்குதான்: 'டி'யில் இரண்டாம் கியர் ஒருவழிக் கிளட்சை நம்பி ஓடும், லீவரை இரண்டாம் நிலைக்குக் கொண்டுவந்தால் முன்பக்கப் பேண்ட் கூடுதலாக இறுகி, காலை எடுத்ததும் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். அதாவது கையால் வைக்கும் கீழ் நிலைகளில் கியர்பாக்ஸுக்குக் கூடுதல் பிடிமானமே கிடைக்கிறது.

அப்படியானால் இந்தக் கியர்பாக்ஸ்கள் ஏன் கெடுகின்றன என்று வாசகர் கேட்கலாம். பணிமனைக்கு வந்த, 727 என்னும் வகையைச் சேர்ந்த ஒரு டார்க்ஃப்ளைட்டைச் சான்றாகச் சொல்கிறேன். கியர்பாக்ஸின் அடியில் உள்ள ஆயில் பான் என்னும் தட்டைக் கழற்றியபோது சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கரும்பழுப்பாக இருந்தது. கருகிய வாடை பணிமனை முழுவதும் பரவியது. பானின் அடியில் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பொருள் சேறாகப் படிந்திருந்தது. பிரித்துப் பார்த்தால் முன்பக்கக் கிளட்ச் தகடுகள் வெறும் இரும்பாகத் தேய்ந்து நீலம் பாய்ந்திருந்தன. கையால் கியர் மாற்றியதுதான் காரணம் என்று உரிமையாளரிடம் யாரோ சொல்லி, அவரும் அதை நம்பிக்கொண்டிருந்தார். உண்மையான காரணம் எஞ்சினின் மேலே இருந்தது. புதிய கார்புரேட்டரைப் பொருத்திய யாரோ ஒருவர், அதிலிருந்து கியர்பாக்ஸுக்குச் செல்லும் த்ராட்டில் கம்பியை இணைக்காமல் அப்படியே தொங்கவிட்டிருந்தார். அந்தக் கம்பியை வெறும் 'கிக்டவுன் கம்பி' என்று எண்ணி, வேகமாக முந்தும்போது மட்டும்தான் தேவை என்று பலர் அலட்சியம் செய்கிறார்கள். டார்க்ஃப்ளைட்டில் ஆயில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையே அந்தக் கம்பிதான் தெரிவிக்கிறது. அது இல்லையென்றால், ஓட்டுநர் முழுதாக மிதித்தாலும் கியர்பாக்ஸ் 'காலே வைக்கவில்லை' என்று எண்ணி மென்மையான அழுத்தத்தையே தரும்; கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் எரியும். லீவரைத் தொடாமல் 'டி'யிலேயே ஓட்டியிருந்தாலும் அந்தத் தகடுகள் எரிந்தே இருக்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு கியர்பாக்ஸ்களில் பலவற்றில் இந்த வேலையை எஞ்சினின் வெற்றிடத்தை உணரும் மாடுலேட்டர் செய்கிறது. அதன் சவ்வு கிழிந்தால் கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கும். புகைக்குழாயில் வெண்புகை வரும். ஆயில் அளவு குறைந்துகொண்டே போகும். பழைய கார் வாங்குவோர் லீவரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கையால் மாற்றுவதில் உள்ள உண்மையான பயன் என்ன என்பதை எண்களோடு விளக்குகிறேன். 1968 பிளிமத் ரோட் ரன்னரின் 383 கன அங்குல எஞ்சின் 5,200 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 5,200 சுழற்சியில்) 335 குதிரைத்திறனையும், 3,400 ஆர்.பி.எம்.மில் அதன் உச்ச முறுக்குவிசையையும் தருவதாக நிறுவனம் குறித்திருந்தது. டார்க்ஃப்ளைட்டின் விகிதங்கள் 2.45, 1.45, 1.00. முதல் கியரில் 5,200 வரை இழுத்து இரண்டுக்கு மாற்றினால் எஞ்சின் ஏறத்தாழ 3,080-க்கு இறங்கும். இரண்டில் அதே அளவு இழுத்து மூன்றுக்கு மாற்றினால் ஏறத்தாழ 3,590-க்கு இறங்கும். இரண்டு முறையும் எஞ்சின் அதிகம் இழுக்கும் இடத்தின் அருகிலேயே வந்து நிற்கிறது. கவர்னர் தேய்ந்த, அல்லது த்ராட்டில் கம்பி சரியாக அமைக்கப்படாத ஒரு பழைய காரில் 'டி' தானாக மாற்றும் இடம் இதைவிட வெகுமுன்னதாகவே இருக்கக்கூடும்.

நேர்ச்சாலையைவிட வளைவுச் சாலையில் இதன் அருமை நன்றாகத் தெரியும். வளைவுக்கு முன் காலை எடுத்தவுடன் 'டி' மூன்றாம் கியருக்குத் தாவிவிடும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், கேட்காத நேரத்தில் கிக்டவுன் விழுந்து பின் சக்கரங்களுக்கு ஒரே உதறலாக விசை போகும். பின் சக்கர இயக்கம், முன்பக்கம் கனமான வி8, அக்காலத்து டயர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால், ஈரச் சாலையில் வண்டியின் வால் வெளியே வீசப்படுவதற்கு அந்த ஒரு கணம் போதும். வளைவுக்கு முன்னரே லீவரை 2-க்குக் கொண்டுவந்து வைத்துவிட்டால் இந்தத் திடீர் மாற்றம் நிகழாது. கால் எவ்வளவு மிதிக்கிறதோ அவ்வளவு விசை சீராகப் போகும்.

இறக்கத்தில் இது இன்னும் முக்கியம். அந்தக் காலத்து மசில் கார்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் உள்ளவை ஏராளம். 1,500 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரு காரை 'டி'யிலேயே விட்டு, நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் டிரம் சூடேறி விரிந்து, மிதிக்க மிதிக்கப் பிடிப்புக் குறையும். இலையுதிர் காலத்தில் ப்ளூ ரிட்ஜ் மலைப்பாதைக்கு இந்தக் கார்களை ஓட்டிச் செல்லும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் "லீவரைத் தொடாதீர்கள்" என்று சொல்வது, இருக்கும் ஒரு பிரேக்கைப் பிடுங்கிக்கொள்வதாகும்.

அதே நேரம், லீவரை எப்படி வேண்டுமானாலும் ஆட்டலாம் என்று நான் சொல்லவில்லை. கீழ் கியருக்கு இறக்கும்போது கணக்குத் தெரிய வேண்டும். மேலே சொன்ன ரோட் ரன்னரில் 3.23 பின் அச்சு விகிதமும் (சக்கரம் ஒரு முறை சுழல, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.23 முறை சுழல வேண்டும்) 26 அங்குல டயரும் இருப்பதாகக் கொண்டால், மணிக்கு 60 மைலில் மூன்றாம் கியரில் எஞ்சின் சுமார் 2,500 ஆர்.பி.எம்.மில் ஓடும். இரண்டாம் கியரில் அதுவே 3,630 ஆகும். இது எஞ்சினுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் கியரில் 6,100-ஐத் தாண்டும். இது அந்த எஞ்சினுக்குத் தகாது. தாழ்ந்த வேகம் வரும்வரை முதல் கியர் விழாதபடி டார்க்ஃப்ளைட்டின் வால்வு பாடி தடுத்துவைக்கும் என்றாலும், அறுபது ஆண்டு பழைய கவர்னரை நம்பி அந்தச் சோதனையில் இறங்கக் கூடாது. 3.91 போன்ற உயர் விகித அச்சு பொருத்தியிருந்தால் இரண்டாம் கியருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கார்களில் பலவற்றில் ஆர்.பி.எம். மீட்டர் கூடுதல் விலைக்கே கிடைத்தது. இல்லாதவர்கள் ஒவ்வொரு கியருக்கும் உரிய உச்ச வேகத்தைக் கணக்கிட்டு வேகமானியில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மேல் கியருக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது நியூட்ரல். 1-லிருந்து முன்னோக்கித் தள்ளினால் 2, பிறகு டி, அதை அடுத்து நியூட்ரல். முழு ஆக்சிலரேட்டரில் அவசரமாகத் தள்ளி 'டி'யைத் தாண்டிவிட்டால் சுமை நீங்கிய எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுழன்று வால்வுகள் வளையும் நிலை வரும். ஒரு தள்ளலுக்கு ஒரு கியர் மட்டும் ஏறும் லீவர்கள் உருவானதற்கும், பந்தயக்காரர்கள் வரிசையைத் தலைகீழாக்கிய வால்வு பாடிகளைப் பொருத்துவதற்கும் இதுவே முக்கியக் காரணம். சாதாரண லீவர் உள்ளவர்கள் அதன் பூட்டுப் பொத்தானை அழுத்தாமல் தள்ளப் பழக வேண்டும். தேய்ந்த பூட்டையும் தளர்ந்த இணைப்புப் புஷ்களையும் முதலில் மாற்றிவிட வேண்டும். லீவர் காட்டும் நிலையும் உள்ளே மேனுவல் வால்வு நிற்கும் நிலையும் ஒன்றாக இல்லாவிட்டால், ஆயில் வழிகள் பாதி திறந்த நிலையில் கிளட்ச் அரைகுறையாக இறுகி எரியும். கையால் மாற்றுவதால் கியர்பாக்ஸ் கெட்டதாகச் சொல்லப்படும் பல நிகழ்வுகளில் குற்றவாளி இந்த இணைப்புதான் என்பது என் கருத்து.

இன்னொரு செய்தி. எல்லா நிறுவனங்களின் லீவரும் ஒரே பொருளைத் தருவதில்லை. டார்க்ஃப்ளைட்டில் 2-ல் வைத்துப் புறப்பட்டால் முதல் கியரில் தொடங்கி இரண்டுக்கு ஏறி அங்கேயே நிற்கும். ஃபோர்டின் செலக்ட் ஷிஃப்டில் 2 என்றால் புறப்படுவதே இரண்டாம் கியரில்தான். பனியில் சக்கரம் சுழலாமல் கிளம்புவதற்கு அது உதவும். செவ்ரலே கார்களில் வந்த இரண்டு கியர் பவர்கிளைடில் லோ, டி என்ற இரண்டே முன்னோக்கு நிலைகள். ஆகவே வாங்கும் காரில் எந்தக் கியர்பாக்ஸ் இருக்கிறது என்பதை, விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், ஆயில் பானின் வடிவத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது. அறுபது ஆண்டுகளில் பலருடைய கைமாறிய காரில் தொழிற்சாலை பொருத்தியதே இன்னும் இருக்கும் என்ற நிச்சயமில்லை.

எனவே, 'டி'யைத் தவிர வேறு நிலையைத் தொடக் கூடாது என்ற அந்த வரியைத் திருத்தி, வாகனப் பக்கத்திலேயே ஒரு விளக்கக் குறிப்பு வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவாக இருந்தால், மலை இறக்கத்தில் லீவரை 2-க்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும், த்ராட்டில் கம்பி இணைக்கப்படாத டார்க்ஃப்ளைட் காரைத் தெருவரை கூட ஓட்டக் கூடாது என்பதையுமாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
மிச்சிகன், அமெரிக்கா