மஞ்சள் மாத்திரையும் மாற்றுச் சிறுநீரகமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மஞ்சள் விலை ஏறினால் முதலில் சந்தோஷப்படுகிறவன் நான். காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் எனக்கும் மஞ்சள் இருக்கிறது. ஆனாலும் 'கிட்னி அழற்சிக்கு' என்று மஞ்சள் மாத்திரை விற்பதைச் சகிக்க முடியவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய என் மச்சினனிடமே பொருட்காட்சிக் கடையொன்றில் டப்பாவை நீட்டியிருக்கிறார்கள். "ஆராய்ச்சியில நிரூபிச்சதாமா, வாங்கட்டுங்களா மாமா?" என்று போனில் கேட்டான்.

ஆராய்ச்சி இருப்பது நிஜம்தான். விலங்கியல் பாடம் எடுத்தவன் என்பதால் சொல்கிறேன். உடம்பில் தொற்று வந்தால் டிஎன்எஃப் போன்ற சமிக்ஞைப் புரதங்கள் சுரக்கும். அவை இரத்தக்குழாயின் உட்சுவர் செல்லைத் தொட்டதும், என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கும். சில மணி நேரத்தில் ஈ-செலக்டின், அதைத் தொடர்ந்து ஐகேம்-1, வீகேம்-1 என்ற ஒட்டு மூலக்கூறுகள் செல்லின் மேற்பரப்பில் பெருகும். ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணு, வேட்டியில் நாயுருவி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தாண்டித் திசுவுக்குள் இறங்கும். கிருமியை விரட்டத்தான் இந்த ஏற்பாடு. இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்ச் சேரும் சிறுநீரகத்தில் இது மிஞ்சினால் நுண்வடிகட்டிகள் கெடும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும்போதும் இதே மூலக்கூறுகள் கூடுகின்றன.

ஆய்வகத் தட்டில் வளர்த்த தொப்புள்கொடி இரத்தக்குழாய் செல்களுக்கு, மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருளைக் கொடுத்துவிட்டு டிஎன்எஃப் சேர்த்தபோது இந்த ஒட்டு மூலக்கூறுகள் குறைந்தன. விளம்பரக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த மாதிரி சோதனைகளைத்தான். தட்டு வேறு, வயிறு வேறுங்க! விழுங்கிய குர்குமின் குடலிலும் ஈரலிலும் உருமாறி, இரத்தத்தில் சொற்பமே சேர்கிறது.

அதைக் கூட்ட மிளகிலுள்ள பைப்பரினைக் கலக்கிறார்கள். எனக்குப் பயம் இங்கேதான். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க மச்சினன் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தைச் சிதைக்கும் நொதியைப் பைப்பரின் தடுக்கக்கூடியது. மருந்து இரத்தத்தில் அளவுக்கு மேல் கூடினால் அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். மஞ்சளில் ஆக்சலேட்டும் உண்டு. கல் தொந்தரவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். ரசத்தில் போடுகிற சிட்டிகையைப் பற்றி நான் பேசவில்லை.

ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதன் பெயரைச் சொல்லியே விற்கலாமே, நோயாளியின் பயத்தை ஏன் விற்க வேண்டும்? மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தெந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது என்று ஒரு சிறுநீரக மருத்துவரைக்கொண்டு உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதவைக்க வேண்டுகிறேன். வெளிவந்தால் எங்கள் ஊர் நூலகப் பலகையில் நானே கொண்டுபோய் மாட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சள் விவசாயி,
கொடுமுடி வட்டம், ஈரோடு மாவட்டம்