சங்கத்து மண்வெட்டிகளுக்காக ஒரு மடல்

அன்புள்ள தலைவி அக்காவுக்கும் செயலாளருக்கும் எங்கள் மாதர் சங்க அங்கத்தவர் எல்லோருக்கும்,

போன கிழமை கத்தரி நடப் பாத்தி கொத்தலாமென்று சங்கக் கட்டடத்துக்கு மண்வெட்டி எடுக்க வந்தேன். மூன்று மண்வெட்டிகள் மூலையில் சாத்தியிருந்தன. ஒன்றில் போன மாரியில் ஒட்டிய மண் அப்படியே காய்ந்து கிடந்தது. கல்லால் தட்டினேன்; மண்ணோடு சேர்ந்து கறளும் அப்பளத் துண்டு மாதிரிக் கழன்று விழுந்தது. கத்தரிக்கோல் வாயே திறக்கவில்லை.

மலிவுச் சாமான், புதிதாக வாங்குவோம் என்று பேச்சு நடக்கிறதாம். அவற்றை வாங்கிய அன்று நானும் கூட வந்தேன். அதே ரகத்தில் கந்தளாயில் இருக்கிற மச்சாளுக்கும் ஒன்று வாங்கினேன். அவளுடையது இன்றைக்கும் பளபளக்கிறது. அவள் வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துத்தான் வைப்பாள். அதோடு அவள் இருப்பது கடலுக்கு எட்டத்தில். திருகோணமலைக் கரையில் இருக்கிற எங்கள் கருவிகள் கறள் பிடிக்க மழையே தேவையில்லை. காற்றில் வருகிற உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வாளியில் மணல் நிரப்பி, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கிளறி, கருவியை நாலைந்து தரம் குத்தி எடுத்தால் மண்ணும் போகும், எண்ணெயும் பூசுப்படும் என்று கேள்விப்பட்டேன். முறை சரிதான். மணலுக்கு ஏன் அலைவான், வாசலில் கடற்கரை இருக்கிறதே என்று ஒரு வாளி அள்ளி வந்தேன். பத்து நாளில் கைக்கரண்டி முழுக்கச் சிவப்புப் புள்ளி! ஆற்று மணல்தான் வேண்டும், அதையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து. எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய் போதும். நாள்பட்டால் காறல் வாடை வரும், அவ்வளவுதான். கராச்சில் சும்மா தருகிற எரிந்த ஒயில் வேண்டாம். அது கீரைப் பாத்தி மண்ணுக்குள் போகக்கூடாது.

அப்புறம் பிடி. கச்சான் காற்றில் மரம் காய்ந்து பிடி ஆடினால், இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுகிறோம். ஊதி இறுகும், உண்மை. காய்ந்ததும் முன்னையைவிட மோசமாக ஆடும். ஒரு ஆப்பு அடித்தால் முடிகிற வேலை.

கத்தரிக்கோல் தீட்டுகிறவர்கள் சரிவான பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தைத் தேய்த்தால் இரண்டு அலகும் பொருந்தாது, தண்டை நசுக்கும்.

கறளைவிட எனக்குப் பயம் வாடல் நோய்தான். பச்சையாக நின்ற கத்தரி திடீரென்று தலை தொங்கினால், அந்தப் பாத்தி மண் ஒட்டிய மண்வெட்டி அடுத்த வளவுக்கும் நோயைக் கொண்டுபோகும். பொது மண்வெட்டி ஆறேழு வளவு சுற்றுகிறது. ஆகவே கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே திருப்பித் தர வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் எடுங்கள். ஆயுத பூசைக்கு மட்டும் கழுவிச் சந்தனம் வைக்கிறோம். அதற்குப் பிறகுதானே மாரியே தொடங்குகிறது?

ஞாயிறு காலை அரமும் ஒரு வாளி ஆற்று மணலும் கொண்டு வருகிறேன். பழந்துணி நீங்கள் கொண்டு வாருங்கள். போன வருடம் சங்கத்துக் கோடரியை எடுத்துப் போனவர் (பெயர் சொல்லவில்லை) அதையும் கொண்டு வந்தால் தீட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி