மணியத்துக்கு, குவார்ட்டர்ஸ் நிலம் பற்றி

கோலாலம்பூர்

அன்புள்ள மணியம்,

இங்கே எல்லோரும் நலம். உன் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக மருமகள் சொன்னாள். டாக்டர் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய், "எனக்குத் தெரியாததா" என்று ஆரம்பித்துவிடாதே. தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு அருமை. அதிரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, நட்பு கெட்டுவிடும்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் நீ தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ அனுப்புவதோடு சரி. நான்கு வரிக்கு மேல் யாராவது எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். இது கட்டைவிரலுக்கு அடங்காத விஷயம்.

நம் குவார்ட்டர்ஸ் நிலத்தில், அதாவது நம் அப்பாக்கள் புல் வெட்டிய பல்கலைக்கழகத்தின் ஊழியர் குடியிருப்பில், கட்டப் போகிறார்கள். திடல், ஸ்டோர் கொட்டகை, தோட்டக்காரர் வீட்டு வரிசை, முனீஸ்வரர் கோயில் எல்லாம் சேர்த்துத்தான். பல்கலைக்கழகமும் ஒரு மேம்பாட்டு நிறுவனமும் கூட்டு. கொண்டோ அடுக்குமாடி, மாணவர் விடுதி, கடைத்தொகுதி, ஒரு 'அறிவு மையம்'. அது என்ன என்று கேட்டேன். கண்ணாடிக் கட்டடம் என்பதைத் தவிர வேறு விவரம் கிடைக்கவில்லை.

போன மாதம் பொதுமக்கள் கலந்துரையாடல் என்று கூப்பிட்டார்கள். போனேன். மண்டபத்தில் ஏசி, கறி பஃப், நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரி வடிவம். கோபுரங்கள் வெள்ளை, மரங்கள் பச்சைப் பஞ்சு. சுவரில் ஆறேழு அட்டை. ஆளுக்கு ஒரு தாள் ஸ்டிக்கர் கொடுத்து, பிடித்த இடத்தில் பச்சை, பிடிக்காத இடத்தில் சிவப்பு ஒட்டச் சொன்னார்கள். அட்டையில் இருந்த கேள்விகளைக் கேள்: ஓட்டப்பாதை வேண்டுமா, சிறுவர் விளையாட்டிடம் வேண்டுமா, சைக்கிள் நிறுத்துமிடம் எங்கே வேண்டும். கோபுரம் எத்தனை, எவ்வளவு உயரம், கார்கள் எந்தச் சாலையில் வந்து விழும், அங்கே குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள், இதற்கெல்லாம் அட்டை இல்லை. ஸ்டிக்கர் மட்டும் ஏராளமாக இருந்தது.

ஆறாம் நம்பர் வீட்டு அக்கா வந்திருந்தார். ஆமாம், அவரேதான், சைக்கிள் விவகாரம். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, அங்கே நின்ற பெண்ணிடம் மலாயில் கேட்டார்: "இதில் என் வீடு எது?" அந்தப் பெண் நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினாள். அது மூன்றாம் கட்டம், இன்னும் முடிவாகவில்லை என்றாள். அக்கா கையிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் அத்தனையையும் கண்ணாடிப் பெட்டி மேலேயே ஒட்டிவிட்டு, இரண்டு கறி பஃப் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு உருப்படியாகக் கருத்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பது என் எண்ணம்.

பல்கலைக்கழகத்தை மட்டும் குறை சொல்ல முடியாது, தெரியும். 2015இல் வந்த உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே நிதி விஷயத்தில் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது பத்து இலக்குகளில் ஒன்று. அடுத்த வருடங்களில் மானியத்தையும் வெட்டினார்கள். நகர் நடுவே நிலத்தை வைத்துக்கொண்டு பணத்துக்கு அலைகிறவன் நிலத்தைத்தான் பார்ப்பான். கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோடு போட்டு முடித்த பிறகு கூப்பிட்டு, வேலிக்கு என்ன வர்ணம் பிடிக்கும் என்று கேட்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மகளைத் தேடச் சொன்னேன். கோலாலம்பூருக்கு 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம். அடர்த்தியோ நிலப் பயன்பாடோ மாறினால் இடத்தில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், அண்டை நில உரிமையாளர்கள் 14 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உங்கள் பினாங்குக்கு 1976ஆம் ஆண்டு நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம். அதில் 21 நாள், ஆனால் அங்கேயும் அண்டை நில உரிமையாளர்கள்தான். ஆக, எனக்கு வீட்டுப் பட்டா இருக்கிறது, நான் எழுதிக் கொடுக்கலாம். ஆறாம் நம்பர் அக்கா பிறந்ததிலிருந்து அந்த நிலத்திலேயே இருக்கிறார், அவர் பெயரில் ஒரு அடி மண் இல்லை. வாடகைக்கு இருக்கிற பங்களாதேஷ் பையன்கள், பிளாட்டில் இருப்பவர்கள், கோயில் பூசாரி யாரும் கணக்கில் வரமாட்டார்கள். இது புரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இதற்கு நடுவில் நம் 'கவர்னர்', பட்டப்பெயருக்கு ஏற்ற ஆள். குடியிருப்பாளர் சங்கத்துக்கு இன்னும் அவன்தான் தலைவர், கூட்டத்தில் இன்னும் சட்டைப் பையில் மூன்று பேனா. "வழக்குப் போடுவோம், ரிம்பா கியாராவில் ஜெயிக்கவில்லையா?" என்று மேசையைத் தட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும், இந்தக் கடிதத்துக்கே அதுதான் காரணம்.

ரிம்பா கியாரா கதை உனக்குப் பாதிதான் தெரியும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் 25 ஏக்கர் பூங்கா. அதில் 12 ஏக்கரில் 42 முதல் 54 மாடி வரை எட்டு கொண்டோ கோபுரம், கூடவே 29 மாடியில் மலிவு வீடு ஒரு பிளாக். மாநகராட்சி 2017இல் அனுமதி கொடுத்தது. குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2021இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள், 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு, நான் மறுக்கவில்லை. எங்கே எது வரலாம் என்று சொல்லும் மாநகரக் கட்டமைப்புத் திட்டத்தில் திறந்தவெளி என்று குறித்துவிட்டால், காரணம் சொல்லாமல் மேயர் டத்தோ பண்டார் அதிலிருந்து விலக முடியாது என்றார்கள். அக்கம்பக்கத்தாருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்றார்கள். நிலத்தை வைத்திருந்த அறவாரியத்தின் குழுவிலேயே டத்தோ பண்டாரும் உட்கார்ந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். நாட்டில் எந்தச் சங்கமும் இனி அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

மறுபாதியைக் கேள். அந்த மலிவு வீட்டு பிளாக் யாருக்காக? புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய நம் ஆட்களுக்காக. தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, நிரந்தர வீடு வரும் வரைக்கும் என்று சொல்லி 1982இல் நூறு குடும்பங்களை நீள்வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே வரிசை வீட்டில், கொண்டுபோய் வைத்தார்கள். தற்காலிக வீடு, மணியம். அங்கே குழந்தையாக வந்தவன் தாத்தாவாகி அதே பலகைச் சுவருக்குள் உட்கார்ந்திருந்தான். கடைசியில் வீடு வருகிறது என்றால் எட்டுக் கோபுரத்தோடு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பூங்காவைக் காப்பாற்றப் போன மக்கள் ஒரு பக்கம், வீட்டுக்குக் காத்திருந்த நீள்வீட்டுச் சங்கம் மாநகராட்சியோடும் மேம்பாட்டு நிறுவனத்தோடும் சேர்ந்து எதிர்ப்பக்கம். நீதிமன்றத்தில் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். பூங்கா பிழைத்தது. நீள்வீட்டுக்காரர்களுக்குத் தீர்ப்பு வந்த அன்று சாவி வரவில்லை.

யாரைக் குற்றம் சொல்வது? பூங்கா கேட்டவர்களையா? அவர்கள் கேட்டதும் நியாயம்தானே. இரண்டு நியாயத்தையும் எதிரெதிரே உட்கார வைத்த மாதிரி அந்தத் திட்டத்தைப் போட்டவனுக்கு அல்லவா ஒன்றும் ஆகவில்லை. அதே வேலை இங்கேயும் நடக்கப் போகிறது. மூன்றாம் கட்டம் இன்னும் முடிவாகவில்லை என்றால் என்ன அர்த்தம்? நாளைக்கு நாம் கோபுரத்தை எதிர்த்தால், "உங்கள் வீட்டைத் தடுப்பது இவர்கள்தான்" என்று அக்காவிடம் போய்ச் சொல்வார்கள். அப்புறம் அக்காவும் கவர்னரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். (பழைய கணக்கைப் பார்த்தால் அது புதிதில்லை என்பாய். சும்மா இரு.)

மகள் இன்னும் இரண்டு கதை சொன்னாள், பல்கலைக்கழக நிலம் என்றாலே உலகம் முழுக்க இதே பாட்டுதான் போலிருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆல்ஸ்டன் என்ற இடத்தில் 52 ஏக்கரை வேறொரு நிறுவனத்தின் பெயரில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்திருக்கிறது, 88 மில்லியன் டாலருக்கு. 1997இல்தான் உண்மையை வெளியே சொன்னார்கள். அங்கே இருந்தவர்கள் எப்படி நம்புவார்கள் அதற்குப் பிறகு? ஆலோசனைக் குழு போட்டார்கள், கூட்டம் மேல் கூட்டம் போட்டார்கள். பெரிய அறிவியல் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். பொருளாதாரம் சரிந்ததும் 2009 கடைசியில் வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். கட்டடம் திறந்தது 2021இல். பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கே இந்த நிலை. நம் மூன்றாம் கட்டம் எப்போது வரும் என்று நீயே கணக்குப் போடு.

இன்னொன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகம். ஹார்லெம் பக்கத்தில் 17 ஏக்கரில் புது வளாகம். இங்கேதான் எனக்கு ஒரு யோசனை பிடிபட்டது. அந்த வட்டாரத்துக் குழு, பல்கலைக்கழகம் கொண்டுவந்த படத்துக்குக் கருத்துச் சொல்வதோடு நிற்கவில்லை. தாங்களே ஒரு திட்டம் வரைந்தார்கள். எங்கே வீடு இருக்க வேண்டும், எந்தத் தொழில் தங்க வேண்டும், யாரை வெளியேற்றக் கூடாது என்று. பல்கலைக்கழகத்தின் திட்டத்தை 2007இல் 32க்கு 2 என்று ஓட்டுப் போட்டு எதிர்த்தார்கள். அந்த ஓட்டு ஆலோசனைதான், கட்டாயமில்லை. நகர மன்றம் அந்த வருடக் கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஆனாலும் 2009இல் 150 மில்லியன் டாலருக்கு எழுத்து மூலமான உடன்படிக்கை, வீட்டுக்கு, பள்ளிக்கு, வேலைக்கு என்று. ஜெயித்தார்களா தோற்றார்களா என்று கேட்டால் நான் தோற்றார்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வெறும் கையோடு தோற்கவில்லை.

ஆக, நாமும் நம் படத்தை வரைவோம் என்று கூட்டத்தில் சொன்னேன். ஸ்டிக்கர் அவர்கள் கையில் இருக்கிற வரைக்கும் அவர்கள் கேள்விக்குத்தான் நாம் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். முதல் கட்டத்திலேயே குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கு வீடு, அதே நிலத்தில், பெயர் பட்டியலோடு, எழுத்தில். பிறகு கோயிலும் அரசமரமும் இருக்கிற இடத்திலேயே. அவர்கள் மாதிரி வடிவத்தில் அந்த இடம் மழைநீர்க் கால்வாய், சொல்ல மறந்துவிட்டேன். பிறகு திடல், ஏனென்றால் மழை பெய்தால் தண்ணீர் தேங்குவது அங்கேதான். அதை அடைத்தால் கீழ்த்தெருவில் எல்லோர் காரும் மிதக்கும். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் மிச்ச இடத்தில் கோபுரத்தைப் பற்றிப் பேசலாம். கோலாலம்பூர் 2040 உள்ளூர்த் திட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் மனைக்கு அதில் என்ன குறித்திருக்கிறது, எவ்வளவு அடர்த்தி அனுமதி என்பதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொட வேண்டும்.

கவர்னர் முகம் சுருங்கிவிட்டது. சங்கத்தில் உறுப்பினர் ஆக வீட்டுப் பட்டா வேண்டும், குவார்ட்டர்ஸ்காரர்களை எப்படிச் சேர்ப்பது என்றான். விதியை மாற்று என்றேன். ஒரு டத்தின், டத்தோ பட்டம் வாங்கியவர் மனைவி, பெயர் வேண்டாம், "அவர்கள் பிரச்சினை வேறு, நம் பிரச்சினை வேறு" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. உன் அப்பாவும் என் அப்பாவும் வெட்டிய புல் மேல்தான் இந்த அம்மா தினமும் நடைப்பயிற்சி போகிறார். ஆனால் கத்தவில்லை, வயதாகிவிட்டது. அடுத்த கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைப்பது, குவார்ட்டர்ஸ்காரர்களையும் அழைப்பது என்று மட்டும் முடிவாயிற்று. பதினொன்றுக்கு ஒன்பது. வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் ஓட்டு என்று நினைக்கிறேன், வகுப்புத் தலைவர் தேர்தலில் நீ எனக்குப் போடாததையும் சேர்த்து.

இப்போது உனக்கு வேலை. உன் அப்பாவின் நியமனக் கடிதம், குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய கடிதம் எதுவாவது வீட்டில் இருக்கிறதா என்று பார். கோயில் திருவிழாப் படம் உன்னிடம்தான் இருக்கிறது, நீ தலையில் கரகத்தோடு பயந்துபோய் நிற்பாயே, அது. பின்னால் கோயிலும் மரமும் வீட்டு வரிசையும் தெளிவாகத் தெரியும். ஆண்டு எழுதியிருந்தால் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. எத்தனை காலமாக அங்கே இருக்கிறோம் என்பதற்கு நம்மிடம் வேறு தாள் கிடையாது.

இன்னொன்று. முட்டி சரியானால் பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறி அந்தக் கூட்டத்துக்கு வந்துவிடு. நீ பேச வேண்டாம், அக்கா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவர் கொஞ்சம் அடங்குவார். கவர்னரும் உனக்குப் போன் செய்து தன் பக்கம் ஆள் சேர்க்கப் பார்ப்பான். நான் எழுதியதாகச் சொல்லாதே, முதல் முறை கேட்கிற மாதிரி ஆச்சரியப்பட்டு வை.

அன்புடன்,
குணா