சந்தா கட்டியவர்கள் கணக்கு கேட்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், சந்தா கட்டாதவர்கள் சங்கத்தைக் கேள்வி கேட்கக் கூடாது என்ற தொனியில் இலங்கை மலையகத் தொழிற்சங்கப் பிரமுகர் ஒருவர் பேசியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். சந்தா கட்டிய காலத்திலும் எங்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, ஐயா.

எங்கள் தோட்டத்தில் சந்தாவை யாரும் கையால் கொடுத்ததில்லை. செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். மழைக்குக் கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் மட்டும், போட்ட மாதத்திலும் சந்தா முழுசாகப் போனது. சம்பளம் கூடினால் சந்தாவும் கூடும். எவ்வளவு கூட்டலாம் என்று காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒருநாளும் எங்களைக் கேட்டதில்லை. சம்பளத் துண்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். கட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதர் சங்கத் தலைவி என்று ஒருவரை வைப்பார்கள், ஆனால் காசைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு நாற்காலி இல்லை.

2021 மார்ச்சில் எங்கள் நாள் சம்பளம் 1000 ரூபா ஆனதுகூட சங்கங்களும் கம்பனிகளும் போட்டுவந்த கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல, அரசின் சம்பள நிர்ணய சபை மூலமாகத்தான். அப்புறம் கம்பனிகள் சந்தா பிடித்துக் கொடுப்பதை நிறுத்தியபோதுதான் தலைவர்களுக்கு எங்கள் லயத்து வீடுகளுக்கு வரும் வழி தெரிந்தது.

ஓய்வு பெறும்போது தரவேண்டிய என் சேவைக்காலப் பணம் இழுபட்டபோது சங்கக் காரியாலயத்துக்கு அலைந்தேன். பிரதிநிதி கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். கடைசியில் தொழில் திணைக்களத்தில் நானே எழுதிக் கொடுத்துத்தான் காசு கைக்கு வந்தது. தேர்தல் காலத்திலோ அதே காரியாலய வாசலில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். அரசியலுக்குச் செலவழிப்பதென்றால் தனி நிதி வைக்க வேண்டும், அதற்குக் காசு கொடுக்கும்படி உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே சொல்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் காசில் எது அந்த நிதிக்குப் போனது?

சங்கமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்துத் துரைக்கு (நிர்வாகிக்கு) முன்னால் தனியாக நின்று பேசிப் பார்த்தவர்களுக்குச் சங்கத்தின் அருமை தெரியும். என் மகளும் உறுப்பினர்தான்.

சங்கங்கள் தொழிற்சங்கப் பதிவாளருக்கு வருடா வருடம் அனுப்பும் வரவு செலவுக் கணக்கை வாங்கி, ஒரு பக்கமாவது தமிழில் போடுங்கள். சந்தா வரவு எவ்வளவு, உத்தியோகத்தர் சம்பளம் எவ்வளவு, தொழிலாளரின் வழக்குக்கு எவ்வளவு, வாகனத்துக்கு எவ்வளவு என்று போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
ஹட்டன்